டாப் எண்டும் இல்லறமும்: ஓர் ஆய்வுரை

புதுக் கார் வாங்குவதைப் பற்றித் தமிழில் விளம்பரம் உண்டு, கடன் திட்டம் உண்டு, பூசை முறையும் உண்டு. முறையான ஆய்வுதான் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. எந்தக் கார் வாங்குவது என்ற கேள்வியை இது தொடாது; அதை மைத்துனர் முடிவு செய்துவிடுகிறார். கார் இன்னதென்று தீர்ந்த பிறகு, அதில் எந்தக் கூடுதல் வசதியைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதே ஆய்வுப் பொருள். ஆய்வுக் களம் சென்னையும் அதன் மாதத் தவணைகளும். கருதுகோள் ஒன்றே ஒன்று: கூடுதல் வசதி எதுவும் ஓட்டுபவருக்காக வாங்கப்படுவதில்லை.

முதலில் முன்னோர் நிலை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகிய மூவேந்தர் ஆண்ட காலத்தில் இச்சிக்கல் இல்லை. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்கு, வண்டி வந்ததே கூடுதல் வசதி. அதற்குமேல் ஆசைப்பட்டவர் டாஷ்போர்டில் சின்ன மின்விசிறி வைத்தார். பின்கண்ணாடிக்குத் திரை தைத்தார். ரேடியோ வைத்தவர் அதற்குத் தனி லைசென்சும் எடுத்தார். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. அந்தப் பதினோரு ஆண்டுகளும் அங்கே குடும்பங்களில் அமைதி நிலவியிருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. இங்கே 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ புறப்பட்டது. தேர்வு என்னும் தொல்லை இவற்றின் பின்சீட்டில் அமர்ந்து ஊருக்குள் வந்தது.

ஜெர்மன் சொகுசுக் கார் கம்பெனிகள் நீண்ட பட்டியல் ஒன்றைத் தந்து, வேண்டியதை ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொல்கின்றன. நம் ஊர்ப் பத்து லட்ச ரூபாய்க் காரில் அந்தச் சுதந்திரம் கிடையாது. இங்கே எல்லாம் வேரியண்ட். ஒரு கம்பெனிக்கு எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ. இன்னொன்றுக்கு எஸ், எஸ்எக்ஸ், அதற்கும் மேலே அடைப்புக்குறிக்குள் ஓர் ‘ஓ’. அம்மாவுக்காகப் பின்சீட்டு ஏ.சி. வென்ட் மட்டும் போதும் என்று கேட்டால், பட்டன் ஸ்டார்ட், குரோம் கைப்பிடி, பேசினால் பதில் பேசும் திரை எல்லாம் சேர்ந்தே வரும். கல்யாணப் பந்தி மாதிரிதான். இலையில் பாயசம் மட்டும் போடுங்கள் என்று கேட்க முடியாது.

வேரியண்ட்டின் இலக்கணத்தை ஷோரூம் இளைஞர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: “இதுல எல்லாமே இருக்கு சார். அது மட்டும் அடுத்த வேரியண்ட்ல வருது.” நாம் எதற்காக வந்தோமோ அதுவே எப்போதும் ‘அது’. பின்பக்க வைப்பர் வேண்டி வந்தவருக்கு வைப்பர் அடுத்த படியில் இருக்கும். அந்தப் படிக்கு ஏறினால் அதனருகே நிற்கும் இன்னொன்று கண்ணில் படும். படிக்கட்டைக் கட்டியவர் இறங்கும் வழியை யோசிக்கவில்லை.

இனி ஆய்வின் மையப் பகுதியான சன்ரூஃபுக்கு வருவோம். கோடை உச்சத்துக்கு அக்னி நட்சத்திரம் என்று பெயர் வைத்து, அதற்குத் தொடக்கமும் முடிவும் பஞ்சாங்கத்தில் குறித்து, அந்த நாட்களில் வெளியே போகாதே என்று பிள்ளைகளைக் கண்டிக்கும் ஒரு சமூகம், கூரையில் கண்ணாடி வைத்த காரைத் தேடிப் போகிறது. விற்பனைப் பிரதிநிதி பொத்தானை அழுத்துகிறார். கூரை நகர்கிறது. பின்சீட்டில் இருக்கும் குழந்தை “அப்பா!” என்கிறது. ஆய்வு அங்கேயே முடிந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

ஆனாலும் செலவைக் கணக்கிட வேண்டியது ஆய்வாளர் கடமை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த ஆயுள் வரிப்படி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். அதைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். வரிக்கு எடுத்துக்கொள்ளும் விலை 9,90,000 ரூபாய் என்றால் வரி 1,28,700. சன்ரூஃப் உள்ள அடுத்த வேரியண்ட் 10,10,000 என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு வித்தியாசம் இருபதாயிரம்தான். வரியோ 1,81,800 ஆகிவிடுகிறது. வரி மட்டும் 53,100 ரூபாய் கூடிவிட்டது. பில் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியதால் டி.சி.எஸ். என்று ஒரு சதவீதம் வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்பது ஆறுதல். ஆக இருபதாயிரம் ரூபாய்க் கண்ணாடிக்கு அரசு வாங்கும் பங்கு, கண்ணாடி விலையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். வானத்தைப் பார்க்க இவ்வளவு வரி விதித்த அரசு வரலாற்றில் வேறு உண்டா என்பதைப் பிற துறையினர் ஆராயட்டும்.

தடை: சன்ரூஃபை ஓட்டுபவரும் அனுபவிப்பாரே, கருதுகோள் உடைகிறதே எனின், விடை: அவர் அதை அனுபவிக்க மேலே பார்க்க வேண்டும். மேலே பார்த்துக்கொண்டு கிண்டி கத்திப்பாராவில் வண்டி ஓட்ட இயலாது. குழந்தையும் அதில் தலையை நீட்டி நின்றால் ஆபத்து. போலீஸ்காரர் பார்த்தால் அபராதம். ஆகவே திரையை இழுத்து மூடியே வைத்திருப்பார்கள். கூரையின் மூலைகளிலிருந்து மழைநீர் இறங்க மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்ப மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் பூவும் தூசும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழை நேராக இருக்கைக்கு வரும். இவ்வளவும் யாருக்காக? வாங்கும்போது ஆறு வயதான அந்தக் குழந்தைக்காக. ஏழாண்டுக் கடன் முடியும்போது அதற்கு வயது பதின்மூன்று. அப்போது அதற்கு வெயிலும் பிடிக்காது, அப்பாவையும் பிடிக்காது.

சன்ரூஃபுக்கு அடுத்த இடம் காற்றோட்ட இருக்கைக்கு. இருக்கையின் தோலில் நுண்ணிய துளைகள், உள்ளே சிறு விசிறி, முதுகு வேர்க்காது. நம் தட்பவெப்பத்துக்கு உண்மையிலேயே பொருந்தும் கண்டுபிடிப்பு இது என்பதில் ஆய்வாளருக்கு ஐயமில்லை. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த வாரமே, “சீட்டு அழுக்காயிடும்” என்ற பொதுக் கருத்து எழுகிறது. சோபாவுக்கு உறையும் உறைக்குமேல் துண்டும் போட்டு வளர்ந்த மரபு சும்மா இராது. ஜி.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய்க் கெட்டியான சீட் கவர் மாட்டிவிடுகிறார்கள். விசிறி அதன்பின் உறைக்கு மட்டும் காற்று வீசுகிறது. முன்னிருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள காரில் கண்ட உறையை மாட்டினால் அந்தப் பை விரியத் தடையாகும் என்பது இதைவிடக் கவலைக்குரியது. கடையில் அதை யாரும் கேட்பதில்லை. நிறம் பொருந்துகிறதா என்றே கேட்கிறார்கள்.

காற்றுப்பை கருதுகோளுக்கு எதிரான சான்று போலத் தோன்றும். ஓட்டுபவருக்கென்றே ஒரு பை இருக்கிறதே! இருக்கிறது, ஆனால் அதை வாங்கியவர் யார்? 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஓட்டுபவர் பக்கக் காற்றுப்பை கட்டாயம் என்றது மத்திய அரசு. பக்கத்து இருக்கைக்கும் கட்டாயம் என்பது 2021-இல்தான் வந்தது. “உங்களுக்கு மட்டும் பை, எனக்குக் கிடையாதாங்க?” என்று கேட்க இல்லத்தரசிகளுக்கு நியாயமான இடைவெளி அது. ஆக, ஓட்டுபவருக்காக வந்த இந்த வசதியும் அரசாணையால் வந்தது. அவர் கேட்டு வந்ததன்று. அதே 2019 விதியில் வந்த சீட் பெல்ட் எச்சரிக்கை மணியை நம்மவர் எப்படி வரவேற்றார்கள் என்பதும் குறிக்கத்தக்கது. பெல்ட் போடாமலே மணியை அடக்க ஒரு சின்ன கிளிப்பை விலைக்கு வாங்கிச் செருகினார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளிலிருந்து அதை நீக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. தன் உயிரைக் காக்கும் கருவியின் வாயை அடைக்கும் இக்கருவியை மட்டும் ஓட்டுபவர் தமக்காகவே வாங்கினார் என ஒப்புக்கொள்கிறோம்.

அலாய் வீல், அடுக்ககத்தின் எதிர்வீட்டுக்காரருக்காக. ரிவர்ஸ் கேமரா, அடுக்ககத்தின் தூணுக்காக. முத்து வெள்ளை நிறத்துக்குச் சில ஆயிரம் அதிகம் தருவது, சாதா வெள்ளை கால் டாக்சி போலத் தெரியும் என்று சொன்ன சித்தப்பாவுக்காக. லேன் மாறினால் ஸ்டியரிங்கைத் திருப்பும் கேமரா வசதி யாருக்காக என்று தெரியவில்லை. கோடு அழிந்த சாலையில் அது தேடுவது எதை என்றும் தெரியவில்லை.

வண்டியோடு வராமல் ஷோரூமில் பொருத்தப்படும் வகை தனி. “டிஸ்கவுண்ட் இல்ல சார், மேனேஜர்கிட்ட பேசிட்டு வர்றேன்” என்று கண்ணாடி அறைக்குள் போனவர் திரும்பும்போது கையில் மேட், மட் ஃபிளாப், வாசனைப் புட்டி அடங்கிய கிட் இருக்கும். அதே பொருள் ஜி.பி. ரோட்டில் என்ன விலை என்று கேட்பது நாகரிகமன்று என்பதால் பலரும் டெலிவரிக்குப் பிறகே கேட்கிறார்கள். டெஃப்லான் கோட்டிங் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே போட்டார்களா என்று சரிபார்க்கவும் இயலாது. தத்துவ உலகில் இதற்கு இணையான பொருள்கள் உண்டு, அவற்றுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நடுநிலைக்காக ஒன்று சொல்ல வேண்டும்: பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற உப்புக் காற்றுப் பகுதியினருக்கு வண்டியின் அடியில் துருத் தடுப்புப் பூச்சு அடிப்பது வீண் செலவன்று. மாறாக, பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதை மத்திய அரசு 2017 டிசம்பரில் தடை செய்தது. கண்ணாடியில் கறுப்புப் படம் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை போட்டது. இவ்விரண்டையும் “எல்லாரும் மாட்டுறாங்க சார்” என்று பரிந்துரைக்கும் கடைகள் இன்றும் உள்ளன.

ஓட்டுபவருக்கான வசதிகளே இல்லையா? உள்ளன. இருக்கையை உயர்த்தித் தாழ்த்தும் நெம்புகோல், ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் ஏற்பாடு, கிளட்சுக்குப் பக்கத்தில் இடது காலை ஊன்றிக்கொள்ள ஒரு மிதிகட்டை. மதுரை வரை ஓட்டிப் போனவருக்கு இவற்றின் அருமை தெரியும். ஆனால் இவை ஃபோட்டோவில் விழுவதில்லை. ஆகவே சோபாவில் அமர்ந்து பேசும்போது யாரும் கேட்பதில்லை. அவருக்கென்று உறுதியாக வருவது தவணைப் பட்டியல்.

கூட்டுத்தொகை எட்டு வராத பதிவெண் குறித்து விரிவாக எழுத வேண்டும், இடம் போதவில்லை. இன்னொரு சிக்கலும் மேலாய்வுக்கு உரியது. டெலிவரி நாளில் நான்கு சக்கரத்தின் அடியிலும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குகிறோம். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னிக்கு ஒன்றும் இல்லை. அலாய் வாங்கிய பல கார்களிலும் அது வெறும் இரும்பு வீல்தான். ஆனால் விக்கிரவாண்டியில் பஞ்சரானால் குடும்பத்தை ஊர் சேர்ப்பது அதுவே. அதற்கு உரிய ஐந்தாவது எலுமிச்சம்பழம் எல்லா வேரியண்ட்டுக்கும் பொதுவா, டாப் எண்டில் மட்டும்தான் வருமா என்பதை இனி வரும் ஆய்வாளர்கள் ஷோரூமிலேயே கேட்டுத் தெளியலாம்.