ஒன்று ஓசி, இல்லையேல் பதினாறே கால் லட்சம்

வெளிநாட்டுக்காரர் ஒருவர் இந்தியாவில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வேண்டுமா? வேலை விசா விதி வழி சொல்கிறது. ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். தன் நாட்டுச் சமையலைச் செய்ய வரும் சமையல்காரருக்கு இந்த வரம்பு இல்லை. பிரெஞ்சு வாத்தியாருக்கு இல்லை. ஜப்பானிய வாத்தியாருக்கு இல்லை. மொழி வாத்தியார்களில் இங்கிலீஷ் வாத்தியாருக்கு மட்டும் விலக்கு கிடையாது.

சுற்றுலாவுக்கு இ-விசாவில் வந்தவர் என்றால் இன்னொரு விதி. ஒரு மாதம் வரை தொண்டு செய்யலாம். கைம்மாறாகக் காசு, பண்டம் எதையும் தொடக்கூடாது. ஆக, ஒன்று ஓசி. இல்லையேல் பதினாறே கால் லட்சம். நடுவில் மாலை ஆறு மணிக்கு நான்கு பிள்ளைகளை உட்கார வைத்து, தலைக்கு ஐந்நூறு வாங்கினால் குற்றம். சரி, சட்டம் சட்டம்தான்.

திருவண்ணாமலை செங்கம் சாலைக்கு வாருங்கள். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வெயில் ஏறும்வரை ரமணாசிரமத்தைச் சுற்றி வெள்ளை முகங்கள். அவர்களுக்கு வாடகைக்கு அறை விடுகிறவர் 24 மணி நேரத்துக்குள் படிவம் நிரப்பிக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் எந்த வீட்டில் படுக்கிறார் என்று தெரிந்துகொள்ள அரசுக்கு ஒரு நாள் போதும். நம் பிள்ளைக்கு ஒரு வாக்கியம் வாசிக்க வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஐந்து வருஷம் போதவில்லை.

நம் பெற்றோரும் லேசுப்பட்டவர்கள் அல்லர். மௌனத்தாலேயே உபதேசம் செய்தவர் என்று ரமணரைத் தேடி உலகமே வருகிறது. பேச்சை நிறுத்தக் கற்றுக்கொள்ள வந்த மனிதரை வழிமறித்து, “சார், எங்க பையனுக்குக் கொஞ்சம் பேசக் கத்துக்குடுங்க” என்று கேட்கக் கூசாதவர்கள் நாம். அவர் ரஷ்யராக இருக்கலாம், இத்தாலியராக இருக்கலாம். அவருக்கும் இங்கிலீஷ் இரவல் மொழிதான். யார் பார்த்தார்கள்? தோல் வெளுப்பாக இருந்தால் இலக்கணமும் வெளுப்பாக இருக்கும் என்பது நம் ஆராய்ச்சி முடிவு. அடுத்த தெருவில் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்த பெண் அதே வேலையைப் பாதிக் காசுக்குச் செய்வார். அவர் நம்ம ஊர். அதுதான் அவருடைய தகுதிக் குறைவு.

முறைப்படி வேலை விசாவில் வந்து பள்ளியில் சேர்ந்தவருக்கும் டியூஷன் கிடையாது. அவருடைய விசா அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வெளியே சம்பாதித்தால் விசா மீறல். நம்ம ஊர் ஆசிரியருக்கு விசா வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, எந்த ஆசிரியரும் டியூஷன் எடுக்கக்கூடாது என்கிறது. நீதிமன்றமும் கண்டித்திருக்கிறது. தெருவுக்குத் தெரு டியூஷன் போர்டு தொங்குகிறது. போர்டைப் படிக்கும் அளவுக்குக்கூட அதிகாரிகளுக்கு எழுத்தறிவு இல்லை போலும்.

அதற்கு முந்தைய 27ஆவது பிரிவையும் படியுங்கள். ஆசிரியரைக் கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு அனுப்பக்கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர. இந்தத் ‘தவிர’ வழியாகத்தான் வாத்தியார் வகுப்பை விட்டு வெளியேறி, கையில் வாக்காளர் பட்டியலுடன் வீடு வீடாக அலைகிறார். திரும்பி வந்தால் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலை காத்திருக்கிறது. பகலில் பாடம் நடத்த அவரை விடமாட்டோம். இரவில் நடத்தினால் விடவே மாட்டோம்.

டியூஷன் அவ்வளவு பாவமா? ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வசூலிக்கும் பயிற்சி மையத்திடம் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்குகிறார்களே, அந்தப் பணத்தில் பாவத்தின் வாடை அடிக்கவில்லையா? 2021இல் மாநில அரசே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று மாலை வகுப்பு தொடங்கியது. சொல்லிக்கொடுத்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். பள்ளியில் விட்டதை வீதியில் பிடிக்க ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய். வாத்தியார் எடுத்தால் ஒழுங்கீனம். மையம் எடுத்தால் வருவாய். அரசு எடுத்தால் சாதனை.

விலைக்கு வருவோம். 2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பப் புறப்பட்டார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றார்கள். கண்டனம் கிளம்பியது. 15,000 ஆக்கினார்கள். பன்னிரண்டு மாதமும் கொடுத்தால்கூட ஆண்டுக்கு 1.8 லட்சம். அந்நிய நாட்டு இங்கிலீஷ் வாத்தியாரின் குறைந்தபட்ச விலையில் நம் நாட்டு வாத்தியார் ஒன்பது பேர் கிடைப்பார்கள். இரண்டு விலையையும் நிர்ணயித்தவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்தான். வெளிநாட்டுக்காரரை மலிவாக அமர்த்தினால் நம் ஆட்களின் பிழைப்பு கெடும் என்று டெல்லி கவலைப்படுகிறது. நம் ஆட்களை அடிமாட்டு விலைக்கு அமர்த்துவது நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சென்னை பதில் சொல்கிறது.

அந்த விலைக்கும் காத்திருக்க வேண்டும். 2013இல் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) தேறியவர்களிடம், தேறியது போதாது, வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுதுங்கள் என்று 2018இல் அரசாணை போட்டார்கள். தகுதி இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தவர்களே ஐந்து வருஷம் கழித்து அந்தச் சான்றிதழைச் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் இரவில் டியூஷன் எடுக்காமல் வேறு எதை எடுப்பார்கள்? கடன்தான்.

அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. வகுப்பு ஐந்து. ஆள் இரண்டு. ஒருவருக்குப் பயிற்சி முகாம் வந்துவிட்டால் ஒன்று. இந்தக் கணக்கு யாரையும் உறுத்தவில்லை. பொழுது சாய்ந்தபின் யாரோ ஒருவர், உள்ளூரோ வெளியூரோ, நான்கு பிள்ளைகளுக்கு இறந்த காலம் சொல்லிக்கொடுத்தால் மட்டும் உறுத்துகிறது.

டியூஷனை ஒழிக்க வேண்டுமா? தாராளமாக ஒழியுங்கள். பகலில் பள்ளிக்கூடம் நடத்துங்கள். அதற்கு யாருக்கும் விசா தேவையில்லை.