சாவி யாரு இடுப்புல, பேராண்டி?

ஏலே பேராண்டி, அமுக்கிராத, பொறு. இந்தக் கெழவன் கண்ணாடியை மாட்டிக்கிடுதேன். ஆங்... என்ன கேக்கான்? நீ போற எல்லாத் தளத்துலயும் உன் தகவலைப் படிப்பானாம், மாத்தவும் செய்வானாம். பூனைக்குட்டிப் படம் காட்டுத எக்ஸ்டென்ஷனுக்கு இது எதுக்குல? பொண்ணு பாக்க வந்தவன் பத்திரப் பெட்டியைத் திறன்னா விடுவோமா? நீ என்னடான்னா திறந்து காட்டி, பாயசமும் ஊத்திக் கொடுக்க!

"குரோம் கடையில சோதிச்சுத்தான் வச்சிருப்பாங்க தாத்தா"ங்கே. வச்சிருப்பாங்க, வச்சிருப்பாங்க. தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒண்ணு இருந்துச்சு. சும்மா திறந்து கெடக்க டேப்பைத் தூங்கப் போடும், அவ்வளவுதான் சோலி. 20 லட்சம் பேருக்கு மேல வச்சிருந்தாங்க. 2020ல செஞ்சவரு அதை யாருக்கோ வித்துட்டாரு. மாட்டுச் சந்தையிலகூட துண்டைப் போட்டு வெரலைப் புடிச்சுப் பேசுதப்ப ஆளு மூஞ்சி தெரியும். இதை வாங்கினவன் மூஞ்சி யாருக்கும் தெரியல. 2021 பிப்ரவரியில, தீங்கான நிரல் இருக்குன்னு கூகுள் அதைக் கடையை விட்டும் தூக்கி, போட்டிருந்தவங்க குரோம்லயும் அணைச்சுட்டு. அப்போ காவக்காரன் வேணுந்தான், நான் இல்லங்கல.

ஆனா அந்தக் காவக்காரனுக்குச் சம்பளம் எங்கருந்து வருதுன்னு கேட்டியா?

யூபிளாக் ஆரிஜின் தெரியும்லா? ரேமண்ட் ஹில்ங்கவரு நன்கொடைகூட வாங்காமச் செஞ்சு கொடுத்தது. நம்ம வீட்டு நாய் மாதிரி வாசல்ல நின்னு, உள்ள வரப் பாக்க ஒவ்வொண்ணையும் மோந்து பாக்கும். விளம்பரமோ வேவுக்காரனோ, அங்கனயே மறிச்சுப் போடும். பொறவு மேனிஃபெஸ்ட் வி3ன்னு குரோம்ல புதுச் சட்டம் வந்துச்சு. யாரை விடக்கூடாதுன்னு நாய் முன்கூட்டியே பட்டியல் எழுதி உலாவி கையில கொடுத்துரணும். மறிக்கதை அவரு பாத்துக்கிடுவாராம். கேட்டா பாதுகாப்புங்காரு, வேகம்ங்காரு. இதுல கூத்து என்னன்னா, நாய் இப்பவும் மோந்து பாக்கலாம், கடிக்கத்தான் கூடாது. திருட்டு நாய்க்கு மோந்து பாத்தாலே போதும்லா, கடி எதுக்கு?

2024ல பழைய சட்டத்துல ஓடுன எக்ஸ்டென்ஷனை ஒவ்வொண்ணா அணைக்க ஆரம்பிச்சு, 2025ல கதவைச் சாத்தியாச்சு. கூகுள் வீட்டு அடுப்பு பெரும்பாலும் எரியதே விளம்பரக் காசுல. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு நம்மாளு சும்மாவா சொல்லி வச்சான்?

அதுக்குன்னு ஃபயர்பாக்ஸ் வச்சிருக்கேன்னு மீசையை முறுக்காத. அங்க அந்த நாய் இன்னும் மறிக்கும், நெசந்தான். ஆனா சாதாரணப் பதிப்புல அதைச் செய்த மொசில்லாவோட முத்திரை இல்லாம எந்த எக்ஸ்டென்ஷனும் உள்ள நிக்காது. 2019 மே 4ல அந்த முத்திரைச் சான்றிதழே காலாவதியாயிட்டு, கவனிக்க ஆளில்ல. உலகம் பூரா ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன் எல்லாம் படுத்துட்டு. நாய்க்கு நோக்காடு ஒண்ணுமில்ல. கழுத்து வில்லையில தேதி முடிஞ்சிட்டுன்னு வண்டியில அள்ளிட்டுப் போன கதை! மறுநாள் சரி பண்ணாங்க, வையி. ஆனா உன் வீட்டு நாய் குரைக்கவா வேண்டாமான்னு யாரு கையில இருக்குன்னு தெரிஞ்சு போச்சுலா?

அதனால சொல்லுதேன். கண்டதை ஏத்தாத. ஏத்தினதை மாசத்துக்கொருக்கா எடுத்துப் பாத்து, வேண்டாததைத் தூரப் போடு. எல்லாத் தளமும் வேணும்னு கேக்கதை, நீ சொடுக்கினா மட்டும்னு மாத்தி வை. குரோம்லயே அதுக்கு வழி இருக்கு. உலாவியும் ரெண்டா வச்சுக்கோ. ஒரே கடையில பத்து வச்சவனுக்கு அவன் நிறுக்கதுதான் எடை.

என்னல சிரிக்கே? இந்தத் தாத்தா பொட்டிச் சாவியே ஆச்சி முந்தானையில தொங்குதுன்னா? தொங்கட்டும். யாரு கையில இருக்குன்னு எனக்குத் தெரியும். கெஞ்சிக் கேட்டா தருவா. நீ யாருகிட்டல கெஞ்சுவே?