மலையேறினாலும் இருவராக

கேள்வி: கல்யாணமாகி ஒன்றரை வருஷம், குழந்தையில்லை. வயது 29. கணவர் லாரி டிரைவர். மாமியார் திருச்செங்கோடு மலைக்குப் போகச் சொல்கிறார். டாக்டரை எப்போது பார்ப்பது?
– வாசகி, நாமக்கல்

பதில்: தாராளமாக மலையேறுங்கள் அம்மணி. அங்கே இருக்கும் அர்த்தநாரீஸ்வரர் பாதி ஆண், பாதி பெண். டாக்டரிடமும் அதே கணக்குதான், இருவருமாகப் போங்கள். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் டாக்டரைப் பார்க்கலாம். 35 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஆறே மாதம். மாதவிலக்கு தாறுமாறாக வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். கணவர் வடக்கே லோடு போன மாதங்கள் கணக்கில் சேராது! 28 நாள் சுழற்சி என்றால், விலக்கான நாளிலிருந்து எண்ணி 10 முதல் 15ஆம் நாள் வரை லாரி ஷெட்டிலேயே நிற்கட்டும். விந்துப் பரிசோதனையை முதலிலேயே செய்யச் சொல்லுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவில் இடைவெளி விட்டால் போதும். மனைவிக்கு எல்லா ஸ்கேனும் எடுத்து முடித்த பிறகு கணவரை அழைப்பது பெரிய அநியாயம்.