செத்தால் தேர்ச்சி

செயலியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் உண்மையாகவே காவல் காக்கின்றனவா என்று பார்க்கத் தானியங்கிச் சோதனைகள் எழுதுபவர், நிரலாளர்களுள் ஒரு தனி இனம். மற்றவர்கள் தம் நிரல் செத்து விழுந்தால் முகம் வாடுவார்கள். இவரோ தம் நிரல் பிழைத்துக்கொண்டால்தான் தலையில் கை வைத்துக்கொள்வார். ஏனெனில், எழுதக் கூடாத நினைவகப் பக்கத்தில் எழுதவும், தரவு மட்டுமே இருக்க வேண்டிய பக்கத்திலிருந்து கட்டளைகளை இயக்கவும் ஏவப்பட்ட நிரல் அது. செயலி அதைத் தடுத்து, நினைவகத்தை அத்துமீறித் தொட்டதற்கான 11ஆம் எண் சமிக்ஞையை லினக்ஸ் அனுப்பி அதன் கதையை முடித்தால்தான் சோதனை தேறியதாகப் பொருள்.

இந்த அக்கிரமங்களை இவருடைய முதன்மை நிரல் தானே செய்வதில்லை. ஃபோர்க் என்னும் அழைப்பால் தாய்ச் செயல்முறையின் நகலாக ஒரு சேய்ச் செயல்முறையைப் பெற்றெடுத்து, அதைக் குற்றம் செய்ய அனுப்பிவிட்டுத் தாயைக் காத்திருக்க வைக்கிறார். சேய் எந்தச் சமிக்ஞையால் இறந்தது என்று விசாரித்துத் தாய் 'தேர்ச்சி' என்று அறிவிக்கிறது. வேறு காரணத்தால் இறந்திருந்தால் அது செல்லாது. சாவதற்கும் முறை உண்டு என்பது இவர் கட்சி.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சோதிக்க நேரும்போதுதான் இவருக்கு வியர்க்கிறது, ஏனெனில் அங்கே பலி கொடுக்கச் சேய் இல்லை. விழுந்தால் இயந்திரமே விழும். கெர்னலை வேண்டுமென்றே நிலைகுலைய வைப்பதையே தொழிலாகக் கொண்ட எல்கேடிடிஎம் என்ற தொகுதி லினக்ஸில் உண்டு. அதிலுள்ள ஒரு சோதனை, பயனர் பக்கங்களிலுள்ள கட்டளைகளைக் கெர்னல் இயக்கிவிடாமல் தடுக்கும் ஸ்மெப் என்ற காவலை (இன்டெல் 2012இல் ஐவி பிரிட்ஜ் செயலிகளுடன் கொண்டுவந்தது), சிஆர்4 என்ற கட்டுப்பாட்டுப் பதிவேட்டின் 20ஆம் எண் பிட்டை அழித்து விலக்கப் பார்க்கிறது. விலகிவிட்டால், தோல்வி என்று பதிவு செய்த கையோடு பிட்டைப் பழையபடி நிறுத்திவிடுகிறது. மறந்தால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். இந்தத் தொகுதியை வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்றலாமா என்று அப்பாவியாகக் கேட்பவரை இவர் பார்க்கும் பார்வைக்கு எந்தச் செயலியிலும் தடுப்பு இல்லை.

முடிவுப் பட்டியல் முழுதும் பச்சையாக வந்தால் மேலாளர் மகிழ்வார். இவருக்கோ அப்போதுதான் சந்தேகம் பிறக்கும். பயனற்ற எழுத்து என்று கருதிக் கம்பைலர் தாக்குதலையே நீக்கிவிட்டிருக்கலாம் என்பதால், அது உருவாக்கிய கட்டளைகளை வரிவரியாகத் துருவுவார். லினக்ஸின் கேசெல்ஃப்டெஸ்ட் வழக்கப்படி 0 தேர்ச்சி, 1 தோல்வி, 4 சோதிக்காமல் விடப்பட்டது. குறிப்பிட்ட காவலே இல்லாத பழைய செயலியில் 4 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 0 என்று சொல்லும் சோதனையை எழுதியவர், இவரைப் பொறுத்தவரை, தாக்குபவரைவிடக் கொடியவர்.