வாள்காரர்

லண்டனில் வாள்காரர் வீட்டுக்குப் போனால் தேநீருக்கு முன்னால் வாள் வரும். நீளமான அலகும் குறுக்கே ஒரு கம்பியுமாகச் சிலுவை மாதிரி இருக்குமே, அந்த வாள் இல்லை. அதெல்லாம் சினிமா பார்த்துவிட்டு ஆசைப்படுகிற பொடியன்கள் வாங்குவது. இவருடையது பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் நெடுவாளின் நகல். அலகு கிட்டத்தட்ட ஒரு மீட்டர். பிடியில் இரண்டு கைக்கும் இடம் உண்டு. பிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு வளையம், அதை ஒட்டி இன்னொரு வளையம், விரல்களுக்கு முன்னால் ஒரு வளைகம்பி, பின்பக்கம் வேறொன்று என்று இரும்பில் பிழிந்த ஜாங்கிரி. கடையில் தொங்குவதை வாங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாம் சொல்லிச் செய்தது.

அதை நம் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார். "எவ்வளவு எடை இருக்கும், சொல்லுங்க."

இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகத்தான் அவர் விருந்தே வைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். புதிதாக வந்தவர் வாளை ஏற இறங்கப் பார்ப்பார். எதற்கு வம்பு என்று, "ஒரு அஞ்சு கிலோ?" என்பார். வாள்காரர் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். மற்றவர்களையும் கேட்பார். ஆறு, எட்டு என்று ஏலம் ஏறும். ஏறட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் காய்கறித் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். ஒன்றரை கிலோ! அப்புறம் சொற்பொழிவு. நிஜப் போர்வாள் எதுவும் அவ்வளவு கனமாக இருந்ததில்லை. பத்துக் கிலோ இரும்பைச் சுழற்றிக்கொண்டு எவனும் போருக்குப் போகவில்லை. கனம் என்பது பிற்காலத்தார் கட்டிவிட்ட கதை. இத்தனை வளையமும் கைப்பக்கம் இருப்பதால் பாரம் கைக்கு அருகில் நிற்கிறது, நுனி லேசாகத் திரும்புகிறது. இதை நிரூபிக்க வாளை ஒற்றை விரல்மேல் கிடத்திக் காட்டுவார். அதற்குள் சூப் ஆறிவிடும்.

சொல்வதெல்லாம் உண்மைதான். அதுதான் தொல்லை. ஒருமுறை பௌதிக ஆசிரியர் ஒருவர் வந்தார். வாளை வாங்கிய மாத்திரத்தில் "ஒண்ணரை" என்றார். வாள்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. அன்று முழுக்க அந்த மனிதரின் கோப்பையில் யாரும் ஒயின் ஊற்றவில்லை. "இருபது கிலோ!" என்று கத்திய பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கோ இரண்டு பங்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. என் மனைவியிடம் நீட்டியபோது, "ஒண்ணரை கிலோதானா? நான் தினமும் தூக்கிட்டுப் போற லேப்டாப் பை இதைவிடக் கனம்" என்றாள். அதற்கப்புறம் அவளை அவர் அழைப்பதில்லை. அவளுக்கும் வருத்தமில்லை. நான் மட்டும் நிரந்தர விருந்தாளி. புதியவர்கள் தயங்கினால் முதல் தப்புப் பதிலை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சமயத்தில் "ஏழு கிலோ" என்று நான் சொல்லும் அழகைப் பார்த்து எனக்கே நடிப்பில் நம்பிக்கை வந்துவிடும்.

வளையங்கள் எதற்கு என்று மட்டும் தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். பிடி வசமாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்து ஆட்கள் ஆட்காட்டி விரலைக் குறுக்குக் கம்பியைத் தாண்டி அலகின் அடியில் சுற்றிப் பிடித்தார்கள். வாள் சொன்னபடி கேட்டது, விரல்தான் ஆபத்தில் மாட்டியது. விரலைக் காக்க ஒரு வளையம் வந்தது. இரும்புக் கையுறை இல்லாமல் வாளெடுக்கும் வழக்கம் பெருகவே, வளையங்களும் பெருகின. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். நடுவில் ஏ.வி.பி. நார்மன் 1980-ல் எழுதிய புத்தகம் வரும். அதில் பிடி வகைகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறது. இவர் அந்த எண்களை உறவுக்காரர் பெயர்போல உச்சரிப்பார். 1570-ல் வாட்போர் நூல் வெளியிட்ட யோவாகிம் மேயர் தொழிலால் கத்தி செய்கிறவர் என்பதில் இவருக்கு ஒரு பங்காளிப் பெருமை வேறு. எங்கள் ஆபீஸில் இவர் பார்ப்பது கணக்கு வேலை.

சட்டமும் அத்துப்படி. இங்கிலாந்தில் 2008-ல் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள வளைந்த வாள்களை விற்பதற்கும் இறக்குமதி செய்வதற்கும், சில விலக்குகளோடு, தடை வந்தது. இவர் வாளில் வளைந்ததெல்லாம் பிடியில்தான் என்பதால் தப்பித்தார்.

வாலஸ் கலெக்‌ஷனுக்கு அவரோடு போவது தனி அனுபவம். மேன்செஸ்டர் சதுக்கத்தில் இருக்கிற அருமையான அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓவியங்களை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆயுதக் கூடத்துக்குள் நுழைந்ததும் புலம்பல் ஆரம்பமாகும். "முன்பக்கத்தையே காட்டுறாங்க!" வாள்பிடியின் வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒன்றுபோல இருக்காது. உள்பக்கக் கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்று தெரியாமல் நகல் செய்ய முடியாது. உலகத்து அருங்காட்சியகங்களோ முன்பக்கத்தை மட்டும் காட்டுவதென்று கூடிப் பேசி முடிவெடுத்தவைபோல இருக்கின்றன. ஆகவே அவர் தரையில் மல்லாந்து படுத்து, கண்ணாடிப் பெட்டிக்கடியிலிருந்து போனில் படம் எடுப்பார். காவலர் ஓடிவருவார். நான் பக்கத்து அறையில் ஓவிய ரசிகனாகிவிடுவேன்.

அந்தப் படங்களெல்லாம் கொல்லருக்குப் போகும். வாளொன்றுக்கு மூன்று வருஷக் காத்திருப்பு. அலகின் வாலைப் பிடிமுனைக் குமிழ் வழியாக வெளியே எடுத்துச் சுத்தியலால் அடித்து மடக்கியிருக்க வேண்டும். நட்டுப் போட்டு முறுக்கியது என்று தெரிந்தால் வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டார். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: போன வருஷம் அந்தக் கொல்லருக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அவசரமில்லை என்று எழுதி மீதிப் பணம் முழுவதையும் முன்கூட்டியே அனுப்பினார் வாள்காரர். வாரம் தவறாமல் போன் செய்து கை எப்படி இருக்கிறது, விரல் மடங்குகிறதா என்று விசாரித்தார். வாள் எப்போது வரும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அப்போது எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

அதனால்தான் அடுத்தது பொறுக்கவில்லை. நான் தஞ்சாவூர்க்காரன் என்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் ஐரோப்பிய அலகுகளுக்கு நம் ஊர்ப் பிடி போட்ட வாள்கள் இருந்தன, அவற்றில் சில இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்த வருஷம் என் அம்மா தவறிப்போனார். காரியம் முடித்துத் திரும்பினேன். ஆபீஸில் எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். அவரும் வந்தார்.

"எழும்பூர் போனீங்களா?"

"இல்லை."

"படம்கூட எடுக்கலையா? உள்பக்கம்?"

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியும், விடுப்புக் கடிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். கொல்லரின் மணிக்கட்டுக்கு வாராவாரம் போன் செய்யத் தெரிந்த மனிதருக்கு இது ஏன் தெரியவில்லை? மறதி, கூச்சம், இங்கிலீஷ்காரர் சுபாவம் என்று மற்றவர்கள் சமாதானம் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. இனிமேல் ஏழு கிலோ சொல்லப் போவதில்லை.

அடுத்த வாரம் தபாலில் அவரிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. இரங்கல் அட்டையாக இருக்கும் என்று பிரித்தேன். வெர்னியர் காலிப்பர். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அருங்காட்சியகத்தில் கேட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்பக்கக் கம்பியின் தடிமனை மட்டும் அளந்துகொண்டு வந்தால் போதுமாம்.