காசு கொடுத்துச் சுமக்கும் மணல்

2021 டிசம்பரில் ஸ்பார்டன் ரேஸ் என்னும் தடையோட்டத்தின் உலகப் போட்டியை அபுதாபியின் லீவா பாலைவனத்தில் நடத்தினார்கள். மணல்மேடுகளில் 21 கிலோமீட்டர். நடுநடுவே சுவர், கயிறு, முள்கம்பி. இதற்கெல்லாம் நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டியவருக்கு மட்டுமே மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொள்ளும் உரிமை.

இப்படிப்பட்ட ஓட்டத்துக்குத் தயாராகும் துபாய்வாசியின் பாடு தனி. உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகுமாம். வாசலில் வெயில் இலவசமாகக் கொளுத்துகிறது. இவரோ ஏசி காரில் போய், சந்தா கட்டிய ஜிம்மின் சானா அறையில் உட்கார்ந்து வேர்க்கிறார். ஷூவுக்குள் மணல் புகாமலிருக்கத் தனியாக ஒரு துணி உறை வாங்குகிறார். ஓடப்போவது மணலில்தான் என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை. போட்டியில் ஈட்டி எறிதலும் உண்டு. குறி தவறினால் தண்டனையாகப் பர்ப்பி உடற்பயிற்சி. ஆகவே பால்கனியில் துடைப்பக் கட்டையோடு பயிற்சி. கீழ்வீட்டார் பாவம்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30லிருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படி தடை. பொழுதுபோக்குக்காக மூட்டை தூக்கினால் அது சட்டத்தில் வராது போலும். சானா போதாதென்று அந்த வேளையில் மூட்டையோடு ஓடுகிற ஐயாவை, கட்டட நிழலில் சாய்ந்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர் பார்க்க நேர்ந்தால், “எந்தக் கம்பெனிண்ணே, சம்பளம் ஒழுங்கா வருதா?” என்றுதான் கேட்பார்.