ரெண்டு இஞ்ச் தூக்கலா…

கோயம்புத்தூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தப் பேக்கரி வாசலிலும் இவரைப் பார்க்கலாம். வலது கையில் டீ கிளாஸ், இடது கை வண்டியின் டயர் மேல். வண்டி, கருப்பு நிற மஹிந்திரா தார். 2020ஆம் வருஷம் காந்தி ஜெயந்தி அன்று புதிய தார் விற்பனைக்கு வந்தபோது முதல் நாளே புக் செய்தவர் தாம் என்பார். தார் வைத்திருக்கிற எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் என்பதால் நாமும் தலையாட்டிவிட்டு டீயைக் குடிக்க வேண்டியதுதான்.

வாங்கிய புதிதில் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஒரு நாள் அவினாசி ரோடு சிக்னலில் பக்கத்தில் இன்னொரு தார் வந்து நின்றது. அதே நிறம், அதே மாடல். ஆனால் அதன் ஜன்னல் இவருடைய ஜன்னலைவிட நாலு விரற்கடை மேலே இருந்தது. உள்ளே இருந்தவர் குனிந்து இவரைப் பார்த்தார். அன்றைக்குத் தூக்கம் போயிற்று. தூக்கும் ஆசை வந்தது.

இந்த இனத்தவரை அடையாளம் காண்பது சுலபம். உலகத்தையே மில்லிமீட்டரில்தான் அளப்பார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவரிடம் "பையன் எப்படிங்க?" என்று கேட்டால், "பையன் பரவால்லீங்க. வண்டிதான் 170 மில்லிமீட்டர் கிளியரன்ஸ்" என்று உதட்டைப் பிதுக்குவார். சம்பந்தம் அதோடு நின்றுவிடும்.

இத்தனைக்கும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இவர் வண்டிக்குத் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். எதிரே 41 டிகிரி மேடு வந்தாலும் முன் பம்பர் மண்ணைத் தொடாது. இவர் தினமும் போவது சரவணம்பட்டி வீட்டிலிருந்து பீளமேடு ஆபீஸுக்கு. வழியில் உள்ள பெரிய மலைகள் வேகத்தடைகள். வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் கணக்கு. நம் தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் தடைகளுக்கு அந்தக் கணக்கு தெரியாதுதான். ஆனாலும் 226ஐ எட்டும்படி இன்னும் யாரும் கட்டிவிடவில்லை.

மழைக்காலத்தில் இவர் முகமே மாறிவிடும். லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் ஊரே சுற்றுவழியில் போகும். இவர் மட்டும் நேரே அங்கே போவார்.

"எறக்கிப் பார்க்கட்டுமா?" என்பார்.

"என்னை எறக்கி விட்டுட்டு எறக்குங்க மாமா" என்பார் மனைவி.

இனி, பிரச்சினைக்கு வருவோம். வண்டியைத் தூக்க இரண்டு வழி உண்டு: பாடி லிஃப்ட், சஸ்பென்ஷன் லிஃப்ட். எதைப் போடுவது என்று மாதக்கணக்கில் யோசித்தார். பேக்கரியில் கேட்டார், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே கேட்டார். கடைசியில் பட்டறைக்குப் போனார். பட்டறை அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"எதுக்குங் தம்பி தூக்கோணும்?"

"கிளியரன்ஸ் வேணுங்ணா."

"எங்க இடிச்சுது?"

"இன்னும் இடிக்கலீங்ணா."

அண்ணன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாருங் தம்பி. கட்டில்ல மெத்தை மேல மெத்தை போட்டா ஆளு ஒசரமாப் படுக்கலாம். ஆனா கட்டிலுக்கடியில தொடப்பம் போற சந்து முந்தி இருந்ததுதான். அது பாடி லிஃப்ட்டு. கட்டில் காலுக்குக் கட்டை குடுத்தா கட்டிலே மேல போகும், அடியில சந்தும் கூடும். அது சஸ்பென்ஷன் லிஃப்ட்டு. உங்களுக்கு ஆளு ஒசரோணுமா, கட்டில் ஒசரோணுமா?"

ஆளு என்பதுதான் உண்மையான பதில். "கட்டில்தானுங்ணா" என்றார் நம்மவர்.

அண்ணன் சொன்னதன் உள்விவரம் இது. தார், ஜிம்னி, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிகளில் அடியில் சேஸ் தனி, மேலே பாடி தனி. இரண்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் புஷ்ஷோடு ஒன்று முதல் மூன்று இஞ்ச் கட்டைகளைச் சேர்த்து, நீளமான போல்ட் போட்டு முறுக்கினால் பாடி லிஃப்ட் முடிந்தது. செலவு குறைவு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதையும் தொடாததால் ஓட்டம் பெரிதாக மாறாது. சக்கரத்துக்கு மேலே இடம் கிடைப்பதால் பெரிய டயர் மாட்டலாம். ஆனால் சேஸ், கியர் பெட்டி, டேங்க் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டி மேலே போயிற்று, அடிவயிறு கீழேயே நின்றது. ஸ்டியரிங் ஷாஃப்ட்டுக்கு நீளம் கூட்ட வேண்டும். பிரேக் ஹோஸும் டீசல் போடும் குழாயும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சேஸில் மாட்டிய பம்பருக்கும் மேலே போன பாடிக்கும் நடுவே பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி தெரியும். அதை மறைக்க ஒரு பம்பர் வாங்க வேண்டும். அந்தப் பம்பருக்குப் பொருத்தமாக ஒரு விஞ்ச். விஞ்ச் இருந்தால் விளக்கு வேண்டாமா?

சஸ்பென்ஷன் லிஃப்ட்டில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாறும். அல்லது ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் ஸ்பேசர் வைப்பார்கள். சேஸே மேலே போகும். கல்லைத் தாண்டும்போது நடுவயிறு தப்பிக்கும், முன்னும் பின்னும் கோணம் கூடும். காட்டுப் பாதையில் உண்மையாகவே உதவுவது இதுதான். ஆனால் இதற்கும் கப்பம் உண்டு. தாருக்கு முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குபவை. முன்பக்கத்தைத் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் அதிகச் சாய்வில் சுழலும். அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், கிரீஸ் வெளியே வரும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டு ஆக்சில் என்பதால் அங்கே வேறு தலைவலி: தூக்கியதும் ஆக்சில் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும், கேஸ்டர் கோணமும் மாறும், ஸ்டியரிங் அலைய ஆரம்பிக்கும். எந்த வண்டியானாலும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ஹெட்லைட்டை இறக்க வேண்டும். இரண்டாவதை நம்மவர் மறந்துவிடுவார். எதிரே வரும் ஸ்கூட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கும்பிடுவார்.

இந்த ரகசியத்தைப் பக்கத்து வீட்டுக் கிரெட்டாக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு பாடி லிஃப்ட் போட்டுடுங்களேன்" என்றார். அந்த வண்டியில் பாடியும் சேஸும் ஒரே உடம்பு. பிரித்து நடுவில் கட்டை வைக்க வழியே கிடையாது. அன்றிலிருந்து நம்மவர் அவரைப் பார்க்கிற பார்வையில் ஒரு கருணை இருக்கிறது.

பாடி லிஃப்ட்டா, சஸ்பென்ஷன் லிஃப்ட்டா? ஆறு மாதம் யோசித்து எடுத்த முடிவு, இரண்டும். அதில் இரண்டு இஞ்ச், இதில் இரண்டு இஞ்ச். மாட்டி முடித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு அண்ணனோடு அடியில் குனிந்தபோதுதான் இடி விழுந்தது. பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் உருண்டை பழைய உயரத்திலேயே தொங்கியது.

"இது ஏனுங்ணா ஏறல?"

"அதுக்கு மேல இருக்கறதத்தானுங் தம்பி தூக்கியிருக்கறோம். ஆக்சில் நிக்கறது டயர் மேல. டயரை மாத்துனாத்தான் அது ஏறும். அதுவும் பாதிதான்."

கணக்கு அப்படித்தான். இவருடைய 18 இஞ்ச் சக்கர மாடலில் டயரின் குறுக்களவு சுமார் 789 மில்லிமீட்டர். 33 இஞ்ச் டயர் மாட்டினால் 838. வித்தியாசம் 49. அதில் சக்கர மையத்துக்குக் கீழே வருவது பாதி, அதாவது ஏறக்குறைய ஒரு இஞ்ச். நாலு இஞ்ச் லிஃப்ட்டால் கிடைக்காத உயரத்தை டயர்க்கடைக்காரர் கொடுத்தார்.

அந்த டயர் தன் பங்குக்குச் சில மாற்றங்களைச் செய்தது. வண்டி நிஜத்தில் நூறில் போகும்போது மீட்டர் 94 என்கிறது. ஓடிய தூரத்தையும் குறைத்துச் சொல்வதால் மைலேஜ் உள்ளதைவிட மோசமாகத் தெரிகிறது. அப்போது மட்டும் நம்மவர் கால்குலேட்டரை எடுத்து டயர் கணக்கைப் போட்டு மனைவியிடம் நியாயம் கேட்பார். பின்கதவில் தொங்கும் கனத்த ஸ்டெப்னியால் கீல் இழுக்கிறது. கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். மனைவி இந்தச் செலவையெல்லாம் ரூபாயில் கணக்கிடுவதில்லை, பவுனில்தான் கணக்கிடுகிறார். இரண்டு வளையலும் ஒரு ஆரமும் சாலையில் ஓடுகின்றன என்கிறார்.

அம்மாவுக்கு வேறு கஷ்டம். மருதமலைக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் வண்டியை ஏற இறங்கப் பார்க்கிறார். ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கோயிலில் இறங்குவதற்கு அதே ஸ்டூல். அதை மடியில் வைத்துக்கொண்டே போக வேண்டும். "நீ முன்னால போ சாமி, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்கிறார். அம்மாவுக்காக இவர் ஒரு மின்சார ஃபுட்போர்டு வாங்கினார். கதவைத் திறந்தால் தானாகக் கீழே இறங்கும். ஏற்றுவதற்கு ஒரு செலவு, இறக்குவதற்கு ஒரு செலவு.

இதற்குள் கூரையில் கேரியர் வந்துவிட்டது. கேரியரில் ஜெரிகேன், மண்வெட்டி. மண்வெட்டியின் ஸ்டிக்கர் இன்னும் உரிக்கப்படவில்லை. 1.85 மீட்டரை ஒட்டி இருந்த வண்டி இப்போது 2.1 மீட்டரைத் தாண்டிவிட்டதால், ஷாப்பிங் மாலின் பாதாளப் பார்க்கிங் வாசலில் தொங்கும் மஞ்சள் கம்பி இவரைத் தடுக்கிறது. எந்த மலையும் தடுக்காதவரை ஒரு கம்பி தடுத்ததில் வருத்தம்தான். ஆனால் "ஹைட் பத்தாதுங்க, வெளிய போட்டுக்கங்க" என்று செக்யூரிட்டி சொல்லும்போது பின்னால் நிற்கிற கார்க்காரர்களுக்கும் கேட்கும்படி "அப்டிங்களா?" என்று இரண்டு தடவை கேட்பார்.

காட்டுக்கும் போகாமல் இல்லை. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இவர் உடம்பை முன்னால் சாய்த்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த அரசுப் பஸ் ஹாரன் அடித்து வழி கேட்டது. டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து மறு கையால் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நம்மவர் கொழுக்குமலைக்கும் போனார். ஏழாயிரம் அடிக்கு மேலே, பாறையும் பள்ளமுமான பாதை. இத்தனை இஞ்சும் இதற்காகத்தானே? நம்மவர் இறங்கிப் பாதையைப் பார்த்தார். "பெயின்ட் போயிருமுங்க" என்று வண்டியைச் சூரியநெல்லியில் நிழலில் விட்டுவிட்டு வாடகை ஜீப்பில் ஏறிக்கொண்டார். பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய மஹிந்திரா ஜீப். லிஃப்ட் என்ற சொல்லை அதன் டிரைவர் ஆஸ்பத்திரியில்தான் கேட்டிருப்பார். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்றினால் அடி தட்டாது என்பது அவருக்கு மனப்பாடம்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டால் "ஒண்ணும் ஆகாதுங்க" என்பார். ஆகும். ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. வாரன்ட்டியும் இன்ஷூரன்ஸும் சிக்கலாவது தனிக்கதை. சட்டம் விட்டாலும் இயற்பியல் விடாது. வண்டி உயர உயர எடையின் மையமும் உயரும். திருப்பத்தில் சாய்வும் கூடும்.

நம்மவரைப் பார்த்து உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எங்காவது இடித்த தழும்பு இருக்கிறதா? தோட்டத்துப் பாதையிலோ ஆற்று மணலிலோ நிஜமாகவே ஓட்டுகிறவரா? அப்படியானால் நல்ல டயர் போடுங்கள். மணலில் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி ஓட்டிவிட்டு, ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடியுங்கள். பாதி இடங்களில் அதுவே போதும். அதற்கும் மேல் அடி தட்டினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிட்டுச் சஸ்பென்ஷன் பக்கம் போங்கள். இரண்டு இஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய டயர் உரசாமல் இருக்க இடம் வேண்டும் என்பதைத் தவிர பாடி லிஃப்ட்டுக்கு வேறு வேலை இல்லை. தழும்பே இல்லை என்றால் எதையும் தூக்க வேண்டாம்.